பெரிய பனோரமாப் படங்களும் வீடியோ எடிட்டிங்கும்: டெல்டா ஸ்டுடியோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், கும்பகோணம், நாகப்பட்டினம் வட்டாரத்தில் குடமுழுக்கு, தேரோட்டம், ஊர் வரலாறு என்று வீடியோ எடுப்பவர்கள் இப்போது பனோரமாவை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்று சொல்லப்படும் திருவாரூரில் கமலாலயக் குளத்தின் அகலத்தை ஒரே படத்தில் நுணுக்கம் கெடாமல் பிடிக்க வேண்டுமானால், பத்து இருபது படங்களை எடுத்து ஒட்டுவதுதான் வழி. ஒட்டிய படம் கணினித் திரையில் அருமையாக இருக்கும். அதை வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவந்ததும் தொல்லை தொடங்கிவிடும். அந்தத் தொல்லைகள் குறித்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுக்காகக் கமலாலயத்தின் பனோரமா ஒன்றை 42,000 பிக்சல் அகலம், 7,000 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

படத்தை இறக்குமதி செய்யவே முடியவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. படம் மென்பொருளின் எல்லையைத் தாண்டியிருக்கும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோ ஒரு பக்கத்துக்கு (அகலமோ உயரமோ) 32,768 பிக்சல் வரையிலும், மொத்தத்தில் 256 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் பத்து லட்சம் பிக்சல்) வரையிலும்தான் ஏற்கும். நம் குளத்துப் படம் அகலத்திலும் மிஞ்சுகிறது. 294 மெகாபிக்சல் என்பதால் மொத்தத்திலும் மிஞ்சுகிறது. அசைவுக் காட்சிகளை அமைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு பக்கத்துக்கு எல்லை 30,000 பிக்சல்.

கோப்பு வகைகளுக்கும் இப்படி எல்லை உண்டு. ஜேபெக் 65,535 பிக்சலோடு நின்றுவிடும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி 30,000 பிக்சல் வரைதான். அதற்கு மேல் பிஎஸ்பி வகையில் சேமிக்க வேண்டும், அது 3,00,000 பிக்சல் வரை தாங்கும். சாதாரண டிஃப் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் காலை வாரிவிடுவது கிராபிக்ஸ் கார்டுதான். பரவலாகப் புழங்கும் கார்டுகள் ஒரு படத்தை ஒரே துண்டாகக் கையாளும்போது பக்கத்துக்கு 16,384 பிக்சல்தான் எல்லை. பழைய கார்டுகளில் 8,192. மென்பொருள் படத்தை ஏற்றுக்கொண்டிருக்கும், முன்னோட்டத் திரையில் மட்டும் கறுப்பாகத் தெரியும். அப்படி நேர்ந்தால் முதலில் இந்த எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் 16,384-க்குள் நின்றுகொள்வது நல்லது.

ஜேபெக் கோப்பு 90 எம்பிதான். கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. பிறகு ஏன் திணறுகிறது?

90 எம்பி என்பது வன்தட்டில் சுருக்கி வைத்த அளவு. திறந்தவுடன் படம் முழுதாக விரியும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் நம் படம் ரேமில் ஏறத்தாழ 1.2 ஜிபி பிடிக்கும். 16 பிட் படமானால் 2.4 ஜிபி. நிறத்திருத்தத்துக்காகச் சில மென்பொருள்கள் 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும், அப்போது 4.7 ஜிபி. ஓர் எஃபெக்ட் போட்டால் அதற்கு இன்னொரு பிரதி, அடுத்த எஃபெக்ட்டுக்கு இன்னொன்று. கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி அல்லது 6 ஜிபி நினைவகம் இருந்தால் எங்கே போய் முட்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் ரேம் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அடுத்த கேள்விக்கான பதில் காசு செலவில்லாமல் பாதிக்கும் மேற்பட்ட தொல்லைகளைத் தீர்த்துவிடும்.

அப்படியானால் படம் எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும்?

உங்கள் வீடியோ எச்டி என்றால் சட்டத்தின் (ஃப்ரேமின்) உயரம் 1,080 பிக்சல். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேமரா நகர்வதுபோல் காட்ட வேண்டும், நெருங்கிப் போக வேண்டாம் என்றால், படத்தின் உயரம் 1,080 இருந்தால் போதும். அதே விகிதத்தில் அகலம் 6,480. அவ்வளவுதான் தேவை. மீதிப் பிக்சல்கள் பார்வையாளரின் கண்ணுக்கு ஒருபோதும் போய்ச் சேராது. கணினி மட்டும் அவற்றை வீணாகச் சுமக்கும்.

நடுவில் நெருங்கிப் போக வேண்டும் என்றால் எத்தனை மடங்கு நெருங்குகிறீர்களோ அத்தனை மடங்கு உயரம் வேண்டும். குளத்தின் நடுவே இருக்கும் சிறு கோயில் வரை இரண்டரை மடங்கு நெருங்கப் போகிறீர்கள் என்று கொள்வோம். 1,080-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 2,700. படம் 16,200 பிக்சலுக்கு 2,700 என்று வரும். மொத்தம் ஏறத்தாழ 44 மெகாபிக்சல். ரேமில் 175 எம்பி. 16,384 என்ற எல்லைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதியில்) படத்தின் அளவை 40 விழுக்காட்டில் வைத்தால் முழு உயரமும் தெரியும், 100 விழுக்காட்டில் வைத்தால் கோயில் கூர்மை குறையாமல் நெருங்கி வரும்.

மூன்று மடங்கு வேண்டும் என்றால் அகலம் 19,440 ஆகி எல்லையைத் தாண்டுகிறது. அப்போது ஒரே படத்தில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். குளம் முழுவதும் நகரும் காட்சிக்கு ஒரு படம், கோயிலை நெருங்கும் காட்சிக்கு அந்தப் பகுதியை மட்டும் அசலிலிருந்து வெட்டிய இன்னொரு படம் என்று இரண்டாகப் பிரியுங்கள். பார்ப்பவருக்கும் இதுதான் நன்றாக இருக்கும். ஒரே நகர்வில் ஊரையே அளக்கும் காட்சி சீக்கிரம் சலித்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

வீடியோ 4கே என்றால் கணக்கில் 1,080-க்குப் பதில் 2,160 போட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம்போல் நெடுக்கு வாக்கில் ஒட்டிய படத்துக்கு?

அங்கே அகலம்தான் அளவுகோல். 9,000 பிக்சலுக்கு 24,000 என்று இருக்கும் படத்தை எச்டிக்கு 1,920-க்கு 5,120 ஆகக் குறைத்தால் கீழிருந்து கலசம் வரை கேமராவை ஏற்றலாம். ஆனால் 66 மீட்டர் உயர விமானத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்து ஒட்டும்போது மேல்தளங்கள் பின்னால் சாய்ந்ததுபோல் குறுகிப்போகும். விமானம் இயல்பாகவே மேலே போகப் போகக் குறுகும் கட்டடம் என்பதால், எது ராஜராஜன் காலத்துச் சிற்பிகளின் கணக்கு, எது லென்ஸின் கோளாறு என்று பலர் கவனிப்பதில்லை. ஒட்டும் மென்பொருளிலேயே செங்குத்துக் கோடுகளைக் குறித்து நிமிர்த்திவிடுங்கள். எடிட்டிங்கில் போய் நிமிர்த்தினால் மேற்பகுதி இழுபட்டு மங்கலாகும்.

படத்தைச் சிறிதாக்கப் போனால் அந்த மென்பொருளும் மறுக்கிறதே?

உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்பில் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் கருவியைப் பயன்படுத்தினால் அகலமும் உயரமும் எல்லை மீறுவதாகப் பிழைச்செய்தி வரும். அதனோடு வரும் பாலிசி கோப்பில் பக்கத்துக்கு 16,000 பிக்சல் என்று வரம்பு எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணையும், அதே கோப்பில் இருக்கும் நினைவக வரம்பையும் உயர்த்தினால் வேலை நடக்கும். லிப்விப்ஸ் என்ற இலவசக் கருவி படத்தை முழுதாக ரேமில் ஏற்றாமல் பகுதி பகுதியாகப் படித்துச் சிறிதாக்கும். ரேம் குறைந்த கணினிக்கு அதுதான் ஏற்றது. ஹியூகின் என்ற ஒட்டும் மென்பொருளை வைத்து ஒட்டுபவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம்: ஒட்டி வெளியேற்றும்போதே தேவையான அகலத்தைக் கொடுத்துவிடலாம்.

படம் இவ்வளவு பெரிது, ஆனால் நெருங்கினால் மங்கலாகிறது. எங்கே போயின அந்தப் பிக்சல்கள்?

மென்பொருள் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டது. பிரீமியரில் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்', 'செட் டு ஃப்ரேம் சைஸ்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் படத்தைச் சட்டத்துக்குள் அடக்குகின்றன. ஆனால் முதலாவது படத்தை டைம்லைன் அளவுக்கே குறைத்துவிடுகிறது. பிறகு நீங்கள் நெருங்கினால் அந்தச் சிறிய படத்தைத்தான் பெரிதாக்குகிறீர்கள். இரண்டாவது, அசல் பிக்சல்களை விட்டுவைத்து, ஸ்கேல் எண்ணை மட்டும் குறைக்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அறிவது எளிது. படத்தைத் தேர்ந்தெடுத்து மோஷன் பகுதியில் ஸ்கேல் எண்ணைப் பாருங்கள். 16,200 அகலப் படம் எச்டி சட்டத்துக்குள் முழுதாக அடங்கியிருக்கும்போது அந்த எண் 12-க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 100 என்று காட்டினால் பிக்சல்கள் போய்விட்டன என்று பொருள். விருப்பத் தெரிவுகளில் இறக்குமதி ஆகும் படங்களைத் தானாக எப்படி அடக்குவது என்பதற்கும் அமைப்பு உண்டு. அங்கே 'செட்' என்று மாற்றிவிட்டால் ஒவ்வொரு படத்திலும் சரிபார்க்க வேண்டியதில்லை.

படத்தை ஒரு நெஸ்ட்டுக்குள்ளோ ப்ரீகாம்ப்புக்குள்ளோ (டைம்லைனுக்குள் வைக்கும் உள் டைம்லைன்) வைத்துவிட்டு வெளியே நின்று நெருங்கினாலும் இதே கதிதான். நகர்வையும் நெருக்கத்தையும் படத்தின் மேலேயே போடுங்கள்.

ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் கொடுத்த படம் ஏற மாட்டேன் என்கிறது, அல்லது நிறம் தாறுமாறாக இருக்கிறது.

அது சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நிறமுறை) படமாக இருக்கும். அச்சுக்கு அதுதான் சரி, வீடியோவுக்கு ஆகாது. திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபிக்கு மாற்றி வாங்குங்கள்.

நிறம் தாறுமாறாக இல்லை, ஆனால் வெளுத்துத் தெரிகிறது.

கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்திருப்பீர்கள், அல்லது போன் டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) சேமித்திருக்கும். படத்தோடு வரும் நிறக்குறிப்பைப் படிக்காத மென்பொருள், அதே எண்களை வீடியோவின் குறுகிய நிறவெளி எண்களாக எடுத்துக்கொள்கிறது. இதில் முதலில் அடிபடுவது பச்சை. குறுவை நாற்றங்காலின் பளீரென்ற இளம்பச்சை, வெயிலில் காய்ந்த தாள்போல் ஆகிவிடும். எடிட்டிங்கில் நிறத்தைக் கூட்டிச் சமாளிப்பதைவிட, படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிறவெளிக்கு முறையாக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். 'அசைன்' செய்யாமல் 'கன்வர்ட்' செய்வது முக்கியம்: முன்னது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், பின்னதுதான் எண்களை மாற்றும்.

கேமரா நகரும்போது கோபுரச் சிற்பங்களும் குளத்துப் படிகளும் மினுங்குகின்றன. ஏன்?

பனோரமாவில் மெல்லிய கோடுகள் ஏராளம். படித்துறைப் படிகள், சுதைச் சிற்பங்களின் விளிம்பு, தென்னங்கீற்று எல்லாம் ஒரு பிக்சலுக்கும் குறைவான தடிமனுக்குச் சுருங்கும்போது, ஒரு ஃப்ரேமில் தெரியும், அடுத்ததில் மறையும். அதுதான் மினுக்கம். மிகப் பெரிய படத்தை டைம்லைனில் 10, 12 விழுக்காட்டுக்கு இறக்கி வைத்தால் இது கூடும். முன்கூட்டியே நல்ல முறையில் சிறிதாக்கிய படத்தில் பாதி குறைந்துவிடும்.

மீதியைக் குறைக்க, படத்துக்கு அரை பிக்சல் அளவில் காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் எஃபெக்ட்டைக் கொடுங்கள். நிற்கும் படத்தில் மென்மையாகத் தெரிகிறதே என்று தயங்காதீர்கள். நகரும்போது கண் அதைக் கூர்மையாகவே பார்க்கும். ஒட்டும்போதோ போனிலோ ஷார்ப்பன் செய்திருந்தால் அதை நீக்கிவிட்டு வாருங்கள், பெரும்பாலான மினுக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

உள்ளூர் கேபிள் சேனலுக்கு 576 வரி இன்டர்லேஸ் வடிவில் கொடுப்பவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. அங்கே ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருவதால், கிடைமட்டமான மெல்லிய கோடு ஒவ்வொன்றும் துடிக்கும். விமானத்தின் தளவரிசைகள் அத்தனையும் கிடைமட்டக் கோடுகள். செங்குத்துத் திசையில் மட்டும் ஒரு பிக்சல் ப்ளர் கொடுங்கள், அல்லது பிரீமியரின் மோஷன் பகுதியில் இருக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் ஃபில்டரைச் சிறிது ஏற்றுங்கள்.

மினுக்கம் இல்லை, ஆனால் நகர்வு தட்டித் தட்டிப் போகிறது.

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வேகம். படத்தில் இருக்கும் ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு நொடியாவது எடுக்க வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய விதி. அதைவிட வேகமாகப் போனால் 25 ஃப்ரேமில் கண்ணுக்குத் தட்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் பார்ப்பதில்லை. ஃப்ரேமுக்கு 7.3 பிக்சல் என்று பின்னத்தில் நகர்ந்தால், மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிதாக வரைய வேண்டியிருக்கும். ஒரு ஃப்ரேம் கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து, படம் மூச்சு விடுவதுபோல் தெரியும். முழு எண்ணில் நகர்த்துங்கள். நம் 6,480 அகலப் படத்தில் சட்டத்தின் 1,920 போக, நகர வேண்டிய தூரம் 4,560 பிக்சல். ஃப்ரேமுக்கு 8 பிக்சல் என்றால் 570 ஃப்ரேம், அதாவது 22.8 நொடி. முதல் கீஃப்ரேமையும் (நகர்வு தொடங்கும் இடத்தின் குறி) கடைசிக் கீஃப்ரேமையும் சரியாக இந்த இடைவெளியில் வையுங்கள். முதல் முறை செய்து பார்ப்பவர்கள் நகர்வின் தெளிவில் வித்தியாசத்தை உடனே உணர்வார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக்கினால் அந்தச் சிறு பகுதிகளில் பின்னம் வரத்தான் செய்யும். வேகம் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் அது அவ்வளவாக உறுத்தாது.

தாராசுரத்துச் சிற்பவரிசைபோல் மிக நீண்ட படத்தை என்ன செய்வது?

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகக் கருவறையின் புறச்சுவரில் வரிசையாக ஓடுகின்றன. சுவருக்கு இணையாகக் கேமராவை நகர்த்தி எடுத்து ஒட்டினால், 60,000 பிக்சலுக்கு 2,400 என்பது போன்ற ஒரு நாடா கிடைக்கும். மெகாபிக்சல் கணக்கில் 144-தான். ஆனால் அகலம் எந்த எடிட்டிங் மென்பொருளுக்கும் ஒத்துவராது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 12,000 அகலமுள்ள ஐந்து துண்டுகளாக வெட்டி, எச்டி காம்ப்பில் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டைம்லைன்) பக்கம் பக்கமாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரு நல் (null) ஆப்ஜெக்ட்டுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெற்று லேயருக்கு, பிள்ளைகளாக இணைத்து, அந்த ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். சட்டத்துக்கு வெளியே நீண்டு கிடக்கும் லேயர்களால் தொல்லை இல்லை.

துண்டுகளை விளிம்போடு விளிம்பாக அடுக்கினால் இணைப்பில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும். நகர்வின்போது இரண்டு விளிம்புகளும் தனித்தனியாக மென்மையாக்கப்பட்டு, நடுவில் பின்னணி எட்டிப் பார்ப்பதால் வருவது அது. வெட்டும்போதே ஒவ்வொரு துண்டும் முந்தையதன் கடைசி 20 பிக்சலைத் தானும் வைத்திருக்குமாறு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடுங்கள். கோடு போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகு காலக் கணக்கையும் பாருங்கள். உயரத்தை 1,080-க்குக் குறைத்தால் அகலம் 27,000. ஃப்ரேமுக்கு 8 பிக்சல் நகர்ந்தால் முழு நாடாவும் ஓட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியவை. சிலவற்றுக்கு மேலே பெயர்க் கல்வெட்டும் உண்டு. ஓடவிட்டால் எதையும் பார்த்ததாகாது. ஒரு நாயன்மாரிடம் நின்று, கதையைச் சொல்லி முடித்து, அடுத்தவரிடம் நகரும் விதமாக அமைப்பதே அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் மரியாதை.

முன்னோட்டம் நின்று நின்று ஓடுகிறது. ப்ராக்ஸி போடலாமா?

வீடியோவுக்கு ப்ராக்ஸி (எடிட்டிங்கின்போது மட்டும் அசலுக்குப் பதில் நிற்கும் சிறிய பிரதி) போடுவதுபோல் நிழற்படத்துக்குப் பல மென்பொருள்களில் போட முடியாது. நகர்வு முடிவானதும் அந்தக் காட்சியை மட்டும் ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங்குக்கான வீடியோ வடிவில் தனியாக ரெண்டர் செய்து, அந்த வீடியோவை டைம்லைனில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக் குரலைப் பொருத்துவதும் நிறத்திருத்தமும் அதன் மேல் இலகுவாக நடக்கும்.

கடைசியில் எக்ஸ்போர்ட் தோல்வி அடைகிறது.

டைம்லைனின் அளவைப் பாருங்கள். வெற்று டைம்லைனில் பனோரமாவை முதலில் இழுத்துப் போட்டிருந்தால், படத்தின் அளவிலேயே டைம்லைன் உருவாகியிருக்கக்கூடும். எச்.264 என்ற சுருக்கிய வீடியோ வடிவைக் கிராபிக்ஸ் கார்டு வழியாக எழுதும்போது பொதுவாக 4,096 பிக்சல் அகலம்தான் எல்லை. இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 3,840-க்கு 2,160-க்கு மேல் வெளியேற்றாது. 1,920-க்கு 1,080, 25 ஃப்ரேம் என்று டைம்லைனை முதலில் உருவாக்கிவிட்டு, பிறகு படத்தைக் கொண்டுவாருங்கள். அளவு சரியாக இருந்தும் ஒரே இடத்தில் ரெண்டர் நின்றால், அந்த இடத்தில் இருக்கும் படத்தின் நினைவகக் கணக்கைப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டை விட்டு சிபியு வழியாக ரெண்டர் செய்தால் மெதுவாக என்றாலும் முடிந்துவிடும்.

காவிரிக் கரையில் எடுத்த படத்தில் தண்ணீர் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. எடிட்டிங்கில் சரிசெய்யலாமா?

முடியாது. ஒட்டும் மென்பொருள் பக்கத்துப் படங்களில் ஒரே புள்ளியைத் தேடும். ஓடும் நீரில் அப்படியொரு புள்ளி இல்லை. கல்லணையில் தண்ணீர் திறந்திருக்கும்போது எடுத்தால் இது தவிர்க்க முடியாதது. முக்காலி வைத்து, படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு மேற்படியுமாறு சுழற்றி, பொருத்தப் புள்ளிகளைக் கரையிலும் மதகுகளிலும் மட்டும் வைத்துக்கொண்டு, நீரில் விழுந்த புள்ளிகளை நீக்கிவிட்டு ஒட்டுங்கள். தேரோட்டக் கூட்டத்துக்கும் இதே நிலைதான். நகரும் தேரைப் பனோரமாவில் பிடிக்க முயலாமல் வீடியோவாகவே எடுப்பது நல்லது.

360 பாகைப் படத்தைச் சாதாரண வீடியோவில் போட்டால் கோணலாகத் தெரிகிறதே?

அகலம் உயரத்தைப்போல் சரியாக இரு மடங்கு இருந்தால் அது உருண்டையை விரித்த படம். விஆர் ப்ரொஜெக்ஷன் போன்ற எஃபெக்ட் வழியாகத்தான் அதைத் தட்டையான காட்சியாக்க வேண்டும். இங்கே பிக்சல் கணக்கு வேறு. 8,192 அகலப் படத்தில் 90 பாகைக் காட்சிக்குக் கிடைப்பது கால் பங்கு, அதாவது 2,048 பிக்சல். எச்டிக்குச் சரியாகப் போதும், நெருங்க இடமில்லை. 4கே வேண்டுமென்றால் 16,000 அளவில் அகலம் இருக்க வேண்டும்.

சிறிதாக்கிய பிறகு அசலை அழித்துவிடலாமா?

கூடாது. மகாமகக் குளத்தையும் அதைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களையும் இன்று எடுத்த படம், 2028 மகாமகத்துக்குப் பிறகு கரை எப்படி மாறியது என்று பார்க்கப் பயன்படும். வீடியோவுக்குத் தேவைப்படாத பிக்சல்கள் வரலாற்றுக்குத் தேவைப்படும். ஒட்டிய முழுப் படத்தை டிஃப் அல்லது பிஎஸ்பியாக, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், இடமும் தேதியும் கோப்பின் பெயரிலேயே வருமாறு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், ஆவணமாக 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும்.